காத்திருப்பதாகச் சொன்னவர்

கிண்ணியாவில் ஹூட் சுஹைராவைத் தெரியாத ஓட்டோக்காரர் இல்லை. ஓட்டோவின் மேலே போர்த்தியிருக்கும் ரெக்சின் கூரைக்குத்தான் இங்கே ஹூட் என்று பெயர். அதைத் தைத்து அடிப்பது ஆண்களின் வேலை என்று யார் எப்போது முடிவு கட்டினார்களோ, சுஹைராவுக்கு யாரும் சொல்லவில்லை. அபாயா தைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு மாரிகாலத்தில் புருசன் கலீலுர் றஹ்மானுடைய ஓட்டோ ஹூட் கிழிந்தது. டவுனில் கொடுத்தால் வாரக்கணக்காகும் என்றார்கள். "அப்பிடி அதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டு, கிழிந்ததை முற்றத்தில் விரித்துத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை புது ஹூட்டோடு ஓட்டோ பாலம் தாண்டி ஓடியது.

அவளுடைய குணமே அதுதான். எதையும் என்ன, ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளின் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இறங்கமாட்டாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே குசினிப் பக்கம் போய்ச் சமையல்காரரை விசாரிக்கத் தொடங்கிவிடுவாள். "இந்த நாட்டில எத்தின விசாரணைக் கமிஷன் போட்டானுகள். ஒண்டில இவள வெச்சிருந்தா அது எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்பார் கலீலுர் றஹ்மான். அதைப் பெருமையாகத்தான் சொல்லுவார்.

பிறகு அவள் போட்ட ஹூட் கடையில் கூட இருந்து தைப்பவள் பஹ்மியா. பக்கத்து ஒழுங்கைக்காரி, அதிகம் வாய் திறக்காதவள், நேர்த்தியான கை. கொஞ்ச வருசத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவள். போகும்போது அவளுடைய மகள் அம்ரா தவழ்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "இந்த ஆன்ட்டி எப்ப போவாங்க?" என்று கேட்டதாம். பஹ்மியா இதை ஒரேயொரு தடவைதான் சொன்னாள். சொல்லும்போது மெஷினை நிறுத்தக்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்த சுஹைராவுக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இப்போது ஓட்டோ ஹூட் வேலை ஒருத்திக்குத்தான் காணும். இரண்டு பேருக்குக் காணாது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மறுபடியும் பஹ்மியாவுக்குப் போன் எடுக்கத் தொடங்கியிருந்தான். "வேல இரிந்தா நான் ஏன் ராத்தா போறன்" என்றாள் பஹ்மியா. அந்த ஒரு வசனம் சுஹைராவின் தலைக்குள் போய்க் குந்திக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் லக்சனா வந்தாள். டவுனில் தொழில் செய்பவர்களுக்கான சங்கமொன்றில் வேலை பார்க்கும் பிள்ளை. ஸ்கூட்டி சீற்றுக்கு உறை தைக்க வந்தவள், சுஹைரா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்துப்போய், "அக்கா, நீங்கள் கட்டாயம் எங்கட நெட்வேர்க்கிங்குக்கு வரவேணும்" என்றாள்.

"அதில என்ன செய்யிற?"

"எல்லாரோடயும் கதைக்கிறது. பெயர் அட்டை மாத்திக்கொள்ளுறது. ரோல்ஸ் சாப்பிடுறது."

"கதைக்கிறதுக்கு ஒரு கூட்டமா?" என்றாள் சுஹைரா. மனதுக்குள் அப்போதே போவதென்று முடிவாகிவிட்டது.

டவுனில், ஓர்ஸ் ஹில்லில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஹோட்டல் மண்டபம். பெப்ரவரி மாதம், வாடைக்காற்று அடங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் பிளான்ட்காரர், பெயின்ட் கடைக்காரர், டைவிங் சொல்லிக்கொடுப்பவர், இன்சூரன்ஸ் பொடியன் என்று துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் எல்லாரும் ஒரு கையில் தட்டும் மறு கையில் அட்டையுமாகச் சுற்றினார்கள். சுஹைராவிடம் அட்டை இல்லை. லக்சனாவின் சொல்கேட்டுக் கடைப் பெயரையும் நம்பரையும் சின்னச் சின்ன ரெக்சின் துண்டுகளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். ஆளுக்கொன்று கொடுத்தபோது எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

அங்கேதான் ஹென்றிக்கைச் சந்தித்தாள். டென்மார்க்காரர், நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. வெளிநாட்டவரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகளுக்குப் பொறுப்பாக ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. படகுகளின் மேல்துணியெல்லாம் மாரியில் கந்தலாகிக் கிடக்கிறது, சீசன் தொடங்க முன் எல்லாவற்றுக்கும் புதிது போட வேண்டும் என்றார்.

சுஹைரா விசாரணையைத் தொடங்கினாள். அவளுடைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், ஆனால் கூச்சமில்லாத இங்கிலீஷ். கிழிந்தது தையலிலா, துணியிலா? காற்று முன்னாலிருந்து வருமா, பக்கத்திலிருந்தா? துணியை ஏன் கழற்றி வைக்கவில்லை? ஹென்றிக் ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கையால் படகு வரைந்து வரைந்து பதில் சொன்னார். இப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோசம். "கிழிந்த துணியொன்று எங்கள் ஒஃபிசில் இருக்கிறது, பக்கத்தில்தான்" என்றும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஓட்டோ ஹோர்ன் கேட்டது. மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது, கலீலுர் றஹ்மான் கேட்டில் நிற்கிறார். கதைத்த சந்தோசத்தில் ஹென்றிக் கை நீட்டினார். சுஹைரா தன் கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டி, "ஓகே சேர், ஐ வில் கோ அண்ட் கம்" என்று விடைபெற்றாள்.

"ஓகே, ஐ வில் வெயிட்" என்றார் ஹென்றிக், முகம் நிறையச் சிரித்து.

வீடு வரும்வரை ஓட்டோவின் பின்சீற்றில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "காத்திருக்கிறன் எண்டு சொன்னவர். விளங்குதா? அவரே காத்திருக்கிறாராம்."

சந்திப்பு முடிந்தால் வேலை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்று லக்சனா போனில் பாடம் எடுத்தாள். ஓரிரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் மெசேஜ் போட வேண்டும். எங்கே சந்தித்தோம், என்ன கதைத்தோம் என்று ஞாபகப்படுத்த வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வேலை கேட்கக் கூடாது.

சுஹைரா எல்லாருக்கும் போட்டாள். பெயின்ட் கடைச் சோமசேகரம் ஐயா உடனே பதில் போட்டார். ரோசாப்பூவுக்கு மேல் குட் மோர்னிங் என்று எழுதிய படம். மறுநாளும் ஒன்று வந்தது, வேறு பூ. அதற்குப் பிறகு ஒரு காலையும் அவர் தவறவிடவில்லை. இன்சூரன்ஸ் பொடியன் மதுசனோ, இவள் போடுவதற்கு முன்பே தானாகப் போன் எடுத்து, ஹூட் கடைக்கு நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று விளங்கப்படுத்தினான். நல்ல பிள்ளைதான், ஆனால் அவனோடு கதைத்து முடித்தால் கடைக்குள் புகை மணப்பது போலிருக்கும்.

ஹென்றிக்குக்குத்தான் எழுதி எழுதி அழித்தாள். ஹோட்டலில் உங்களைச் சந்தித்தது சந்தோசம், படகு ஹூட் பற்றிக் கதைத்தோம், நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்று எழுதி, தான் அடித்த ஹூட் ஒன்றின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் நீலமாகின. பதில் இல்லை.

மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பார்த்திருக்கிறார், ஆனால் பேசவில்லை. ஏன்? சுஹைராவுக்கு இப்படியொரு ஏனைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"வெள்ளக்காரனுகளுக்கு ஆயிரம் சோலி" என்றார் கலீலுர் றஹ்மான். லக்சனா, ஒரு கிழமை பொறுத்து இன்னொரு மெசேஜ் போடச் சொன்னாள். சுஹைரா போட்டாள். அதுவும் நீலமாகி அப்படியே கிடந்தது.

"கை குடுக்காததுக்குக் கோவமாக்கும்" என்றாள் பஹ்மியா, நூலைப் பல்லால் கடித்தபடி.

அது சுஹைராவுக்குச் சுருக்கென்றது. அந்த மனிசனுக்கு ஊர் வழக்கம் தெரியாது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றால் யாருக்கும் வலிக்கத்தானே செய்யும். விளங்கப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அவசரத்தில் யார் விளங்கப்படுத்துவது? அப்படியென்றால் போகும்போது அவ்வளவு சிரிப்புச் சிரித்தது ஏன்? காத்திருக்கிறேன் என்றது ஏன்? எந்தப் பக்கத்தால் பிரித்தாலும் தையல் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை பஹ்மியா மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏஜென்சிக்காரன் திங்கக்கிழம பின்னேரம் பாஸ்போட்டக் கொண்டு வரச் சொல்லுறான் ராத்தா. செவ்வாக்கிழம கொழும்பில மெடிக்கலாம்."

"நீ என்ன சொன்ன?"

"பாப்பம் எண்டன்."

பாப்பம் என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். சுஹைரா அபாயாவை மாட்டினாள். நேரே போய்க் கேட்டுவிடுவது. லக்சனா போனில் பதறினாள். "அக்கா, அப்பொயின்ட்மென்ட் இல்லாமல் போக ஏலாது."

"அந்தாள் என்ன டொக்டரா தங்கச்சி" என்றாள் சுஹைரா. "ஆனா வெறுங்கையோட போகமாட்டன்." பஹ்மியாவின் வீட்டில் நேற்று அவித்த வட்டிலப்பம் ஒரு டப்பாவில் ஏறியது.

ஓர்ஸ் ஹில்லில் அந்த ஒஃபிஸ் கேட்டில் டவுனுக்குள் திரியும் மான்களில் ஒன்று நின்று, யாரோ சோறு சுற்றிப் போட்ட லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஹென்றிக் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள்" என்றார்.

இதென்ன கதை என்று சுஹைராவுக்கு விளங்கவில்லை. தான் யோசித்துக்கொண்டு வந்ததையே சொல்லத் தொடங்கினாள். "சேர், அண்டைக்குக் கை குடுக்காததுக்கு மன்னிக்கணும். எங்கட மார்க்கத்தில..."

"அது எனக்குத் தெரியும். வந்த முதல் நாளே சொல்லித் தந்தார்கள், நான்தான் பழக்கத்தில் நீட்டிவிட்டேன்" என்றார் ஹென்றிக். "அது இல்லை. போய் வருகிறேன் என்றீர்கள். காத்திருக்கிறேன் என்றேன். நான் காத்திருந்தேன்."

"எங்க?"

"அதே இடத்தில்."

சுஹைரா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எல்லாம் வந்தது. அவள் ஏதோ எடுக்கத்தான் வெளியே போகிறாள் என்று நினைத்திருக்கிறார். வந்ததும் காட்டலாம் என்று ஒஃபிசுக்கு ஆள் அனுப்பிக் கிழிந்த படகுத்துணியை எடுப்பித்து, மண்டபத்தில் இரண்டு மேசையை இழுத்துப் போட்டு விரித்து வைத்திருக்கிறார். அவளுக்கென்று ஒரு தட்டில் ரோல்ஸும் கேக்கும் எடுத்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி வைத்திருக்கிறார். எல்லாரும் போனார்கள். வெயிட்டர்மார் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். அவர் இருந்த கதிரையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடுக்கினார்கள். கடைசியில் துணியைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"இரண்டு நாளில் ஒரு மெசேஜ். சந்தித்தது சந்தோசம் என்று" என்றார் ஹென்றிக். "வருகிறேன் என்று போய் வராதவர், சீசனுக்கு முன் எப்படித் துணி தருவார் என்று யோசித்தேன். என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை."

சுஹைராவுக்கு வெட்கம் முகத்தில் ஏறியது. ஒரு மனிசன் மூடி வைத்த தட்டோடு தனக்காகக் குந்தியிருந்ததை நினைக்க நெஞ்சு கரைந்தது. ஆனால் அந்தக் கதிரை அடுக்கிய இடம் கண்ணுக்குள் வந்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு விளங்கப்படுத்தினாள். எங்கள் ஆட்கள் போகிறேன் என்று தனியாகச் சொல்லமாட்டார்கள் சேர். வெறுமனே போகிறேன் என்றால் திரும்பாத போக்கு. அதனால் வெத்திலைக் கடையில் இருந்து எழும்பினாலும் சரி, மக்காவுக்குப் பயணம் போனாலும் சரி, போயிட்டு வாறன் என்றுதான் சொல்லுவது.

ஹென்றிக் மேசையிலிருந்த கலண்டரைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்படியென்றால் போன வெள்ளிக்கிழமை எங்கள் மெக்கானிக்கும்..."

"அவரும் சொன்னாரா?"

"சொன்னார். இருட்டும்வரை ஒஃபிசைப் பூட்டாமல் இருந்தேன்."

இப்போது அவரும் சிரித்தார். வட்டிலப்பம் திறந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, இன்னும் விசாரணை முடியாத ஆளைப் போலக் கேட்டார். "ஆனால் வருவோம் என்றுதானே சொல்கிறீர்கள். எப்போது வருவோம் என்று சொல்வதில்லையா? கேட்பவரும் கேட்பதில்லையா?"

சுஹைரா திகைத்துப்போனாள். ஊரில் எல்லாவற்றையும் கேட்டவள் இதை ஒருநாளும் கேட்டதில்லை. அவளிடமும் யாரும் கேட்டதில்லை.

"அத அல்லாஹ்தான் அறிவான் சேர்" என்று சமாளித்தாள்.

"எனக்குக் கொஞ்சம் கூடுதல் விவரம் வேண்டும்" என்றார் ஹென்றிக். கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறது. அதற்கு முன் ஒரு படகுக்கு மட்டும் அடித்துக் காட்டினால், சரியாக இருந்தால், மற்றப் படகுகளும் அவளுக்கு. அளவுக்காகக் கிழிந்த துணியைத் தூக்கி அவள் கையில் வைத்தார். "எப்போது வருவீர்கள்?"

"திங்கக்கிழமை. பத்து மணிக்கு."

வாசலுக்கு வந்ததும் கால் நின்றது. இப்போது என்ன சொல்லிவிட்டுப் போவது? வெறுமனே போகிறேன் என்று சொல்ல நாக்கு வளையவில்லை. திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "ஐ வில் கோ அண்ட் கம் சேர். மன்டே. டென் ஓ க்ளொக்."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இரண்டு மெஷினும் ஓய்ந்தது தொழுகைக்கும் சோற்றுக்கும்தான். படகுத்துணி ஓட்டோ ஹூட் மாதிரி இல்லை. வளைவு வேறு, இழுவை வேறு. ஒரு தடவை தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். பஹ்மியா அம்ராவையும் கடைக்குக் கூட்டிவந்தாள். பிள்ளை வெட்டுத் துண்டுகளில் பொம்மைக்கு ஹூட் வைத்தது. பஹ்மியாவின் கைப்பை சுவரில் ஆணியில் தொங்கியது. அதற்குள் பாஸ்போட் இருக்கிறதென்று சுஹைராவுக்குத் தெரியும். ஊரிலுள்ள பையெல்லாம் எட்டிப் பார்ப்பவள் அந்தப் பையின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு உள்துறைமுகத்து இறங்குதுறையில் ஹென்றிக் நின்றுகொண்டிருந்தார். துணியைப் படகில் ஏற்றிப் பூட்டியபோது ஒரு பக்கத்து வார் சாணளவு தள்ளி நின்றது. சுஹைரா வாரைக் கழற்றினாள். படகிலேயே இருந்து ஊசியால் பிரித்துத் திரும்பத் தைத்தாள். அலையில் ஆடிக்கொண்டு தைத்ததில் விரலில் இரண்டு இடத்தில் குத்தியது. ஹென்றிக் நான்கு மூலையையும் இழுத்துப் பார்த்தார், வாளியால் தண்ணீர் ஊற்றினார், கீழே போய் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டும் இறங்கவில்லை. பிறகு போனை எடுத்துக் கொழும்பு ஆட்களை வர வேண்டாம் என்றார்.

கடைக்கு வந்து சுஹைரா விசயத்தைச் சொன்னாள். "எல்லாப் படகும் எங்களுக்குத்தான் புள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பஹ்மியா. சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

ஏஜென்சிக்காரன் சொன்ன பின்னேரம் இன்றைக்குத்தான். கேட்க வேண்டியதுதான். போறியா, நிக்கிறியா என்று கேட்டால் முடிந்தது. மத்தியானம் கேட்க நினைத்தாள். பின்னேரத் தேத்தண்ணிக்குக் கேட்க நினைத்தாள். ஆனால் வேலை இருந்தால் போகமாட்டேன் என்று சொன்ன வாக்கைப் பிடித்து இழுப்பது போலாகிவிடுமோ? வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இந்தக் கடை ஈடாகுமா? ஒருவேளை ஏஜென்சிக்காரனுக்கு ஓம் என்றே சொல்லியிருந்தால்? உலகத்தையே விசாரித்தவள் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரம் பஹ்மியா மெஷினை மூடினாள். நூல் துணுக்குகளைக் கூட்டி அள்ளினாள். ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"போயிட்டு வாறன் ராத்தா."

வீட்டுக்குப் போனாலும் அதுதான் சொல்லு. குவைத்துக்குப் போனாலும் அதுதான் சொல்லு. சுஹைரா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எப்ப?"

பஹ்மியா படியில் நின்று திரும்பினாள். "என்ன எப்ப?"

"போயிட்டு வாறன் எண்டியே. எப்ப வருவ?"

இப்படியொரு கேள்வியைப் பஹ்மியாவும் ஆயுளில் கேட்டதில்லை. ராத்தாவுக்கு என்ன பிடித்தது என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுஹைராவின் முகத்தில் இருந்தது என்ன என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். பையைத் தோளிலிருந்து எடுத்துத் திரும்பவும் அந்த ஆணியிலேயே கொழுவினாள்.

"காலம்பற" என்றாள். "அம்ராவ ஸ்கூலுக்கு உட்டுட்டு வருவன்."